பத்தொன்பது வாய்

பாளையங்கோட்டையில் கடல் இருக்கிறது.
எங்கள் மாடியில், மூன்றடி நீளம், ஒன்றரை அடி ஆழம்.
உவரியிலிருந்து ராயப்பன் ஏற்றிவிடும் ஆறு கேன்களை
பஸ்நிலையத்தில் இறக்கும்போதெல்லாம்
கண்டக்டர் கேட்பார்:
'ஆத்த ஊருக்குள்ள வச்சுக்கிட்டு
கடலுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கீரே, வே?'

நைட்ரேட் எண்பது.
சோதனைக் குழாயில் மாதுளைச் சாறு.
பாறையெல்லாம் பச்சை மயிர்.
பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்,
தண்ணீர் மாற்றினேன்,
விளக்கைக் குறைத்தேன்.
மறுபடி முளைத்தது, ஆடி மழைக்குப் பின் வரப்பு மாதிரி.

எப்சிபாவுக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இரவு ட்யூட்டி.
எனக்கு ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் விடிகாலை நாலு மணி.
அவள் விழித்திருந்தால் நான் தூக்கம்.
மூன்று மணிக்குக் கிளம்பும்போது ஒரு கட்டி போடுவேன்.
எட்டரைக்கு அவள் வந்து பார்ப்பாள்:
கோமாளி மீன் இரண்டும் கண்ணாடியில் மூக்கை வைத்து
பிறந்ததிலிருந்து சாப்பிடாதவை போல் வாலாட்டும்.
அவளும் ஒரு கட்டி.
மதியம் நான்.
சாயங்காலம் அவள்.
பதினோரு மாதம்.

ஈஸ்டருக்கு மறுநாள் இருவருக்கும் விடுமுறை.
நான் போட்டுவிட்டுத் திரும்ப,
அவள் ஃப்ரீசரைத் திறந்துகொண்டிருந்தாள்.
'நான் போட்டாச்சே.'
'நீங்களா? தெனமும் நாந்தான போடுதேன்.'
கோமாளிகள் இரண்டும் பாறைக்குப் பின்னால் போய்விட்டன.

அவள் சிரிக்கவில்லை. டார்ச்சை எடுத்தாள்.
அடிப்பாறை நிழலில் சூரியப் பவளம்,
பண்ணையில் வளர்ந்தது, பில் வைத்திருக்கிறேன்.
ஆரஞ்சுச் சதை வற்றி
விளிம்பில் வெள்ளை எலும்பு தெரிந்தது.
அது இருட்டினால்தான் வாய் திறக்கும்.
நாங்கள் விளக்கு எரிகையில் அள்ளிப் போட்டோம்,
மீன் தின்றது, மீதி அழுகியது.
நாலு வேளைப் பந்தியில்
இலை விழாமலே ஒன்று கிடந்திருக்கிறது.

வார்டில் வைக்கிற மாதிரி ஒரு சார்ட் கோடு போட்டாள்,
உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு.
மீனுக்கு அரைக் கட்டி, ஒரே வேளை, வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை.
கூனியை டீ வடிகட்டியில் கழுவு,
அந்தக் கலங்கல் சாறுதான் பாசிக்கு உரம்.
பவளத்துக்குச் செவ்வாய், வியாழன், சனி.
இரவு ஏழு மணி. விளக்கை அணை. பம்பை நிறுத்து.

முதல் நாள் மீசை இறால் வந்து
வட்டிக்காரன் மாதிரி ஒவ்வொரு வாயாகப் பிடுங்கிப் போனது.
பன்னீர் சோடா பாட்டிலைப் பாதியாக வெட்டி
பவளத்தின் மேல் கவிழ்த்தோம்.
கழுத்து வழியே சிரிஞ்ச்.
ஒருவர் பாட்டிலை அமுக்க வேண்டும்,
ஒருவர் ஊட்ட வேண்டும்.
ஆறரைக்கே படுத்துவிடுகிற நான்
முழங்கை வரை உப்புத் தண்ணீரில் நின்றேன்.

பத்தொன்பது வாய். எண்ணியது அவள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கூனி.
அவசரப்பட்டால் மூடிக்கொள்ளும்.
ஐ.சி.யூவில் குழாய் வழி கஞ்சி இறக்குகிற கை,
அதற்கு அவசரம் தெரியாது.

பம்ப் நின்றால் இந்த வீட்டில்
இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்பது
எனக்குத் தெரியாது.
அவள் மூச்சு கேட்டது.
பார்சலில் வந்த கோழிக்குஞ்சுப் பெட்டி
நடைமேடையில் திறந்துகொண்ட கதையைச் சொன்னேன்.
ஏழாம் படுக்கைக்காரர்
டிஸ்சார்ஜ் ஆகமாட்டேன் என்று அடம்பிடித்ததை அவள் சொன்னாள்.

இப்போது நைட்ரேட் முப்பத்தைந்து.
ஐந்துக்கு வர வேண்டும். வரும், வராமலும் போகும்.
இரண்டு வாய்கள் இன்னும் திறக்கவில்லை.

போன சனிக்கிழமை சார்ட்டில் அவள் கையெழுத்து:
பம்ப் நிறுத்தம் 7.00.
பம்ப் ஓட்டம் 7.50.
பத்து நிமிடத்துக்கு மேல் போனால்
காரணம் எழுதவென்று அவளே போட்ட கட்டம்
காலியாக இருக்கிறது.